ஜன்னல் பக்கம் சாயும் தலைகள்

ஓம்ஸ்க், பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அங்கே பெர்மில் படிக்கட்டெல்லாம் பனி உறைந்திருக்கும். ரொட்டி வாங்கக்கூட அவசரமாக இறங்காதே. நான் சுகம்தான்.

நேற்று என் பாலே வகுப்புக்குத் தேர்வு. மதிப்பெண் போட வந்தவர் கலேரியா, அப்பாவிடம் எனக்கு முன்பே நடனம் படித்தவர். பிள்ளைகள் அறை நடுவில் நின்று கையை விரித்ததும், பன்னிரண்டு தலைகளும் ஒன்றுபோல இடப்பக்கம் சாய்ந்தன.

"ஏம்மா ரிம்மா ரொதியோனவ்னா, பியானோ வலப்பக்கம்ல இருக்கு? இடப்பக்கம் வெறும் ஜன்னல்தான். யாரைத் தேடுறாங்க உன் பிள்ளைங்க?" என்று கேட்டார் கலேரியா.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா ஆடிக் காட்டும்போது அப்படித்தான் சாய்வார். அதையும் பாடம் என்று நினைத்து நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுக் கலேரியா சிரித்தார். "என் வகுப்புலயும் இதே கூத்துதான். மாஸ்டர் போய் ஏழு வருஷமாச்சு, இது மட்டும் போக மாட்டேங்குது." சொல்லும்போது அவர் தலையும் சாய்ந்தே இருந்தது.

கவலைப்படாதே, வேலைக்கு ஆபத்தில்லை. ராஸ்பெரி ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பு. தனியாகத் தேநீர் குடித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

வகுப்புக்கு மணி அடிக்கிறது. ஒன்று மட்டும் எழுது அம்மா. அப்பாவுக்கு வலக்காது மந்தம், இசை கேட்கத்தான் சாய்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அப்பாவின் வகுப்பில் இடப்பக்கம் பியானோ வாசித்தது நீதானே, அவர் சாய்ந்தது இசைக்கா, உன்னைப் பார்க்கவா?

உன் ரிம்மா