மாடி ஜன்னலுக்குக் கீழே

மார்ச் 9

கடைசியில் ஏசி வந்துவிட்டது. கீழ் படுக்கையறையில் மாட்டியாயிற்று. வெளியே வைக்கிற பெட்டியை எங்கே மாட்டுவது என்பதில்தான் இழுபறி. மெக்கானிக் முன்பக்கச் சுவரைக் காட்டினார். வாசல் கதவுக்குப் பக்கத்திலா? வருகிறவர்கள் முகத்துக்கு நேரே அது உறுமிக்கொண்டு நிற்கவா? என் பூந்தொட்டிகள் எல்லாம் அனலிலேயே கருகிவிடும். பக்கவாட்டுச் சுவரில் மாட்டச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்து, "மேல ஜன்னல் இருக்கே, ரூம்ல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "யாரும் இல்ல, நீங்க மாட்டுங்க" என்றேன். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

மேலே அண்ணி இருக்கிறார். இவருடைய அக்கா. தன் வீட்டுக்காரர் காலமான பிறகு, ரெண்டு மாசம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். மழைக்காலம் போய், பனி போய், இதோ வெயிலும் வந்துவிட்டது. இதையெல்லாம் மெக்கானிக்கிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மார்ச் 10

விடியும்வரை ஒரு பொட்டு வியர்வை இல்லை. சொர்க்கம்.

மார்ச் 27

மாடி கொதிக்கிறது. காய்ந்த துணி எடுக்க மேலே போனால், அண்ணி ஜன்னலை இறுக மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "இப்படி அடைச்சு வெச்சா அடுப்பு மாதிரிதான் இருக்கும் அண்ணி. தொறந்தாத்தானே காத்து வரும்?" என்றேன்.

"தொறக்கறேன்மா" என்றார். சாயந்தரம் பார்த்தால் மூடித்தான் இருக்கிறது. சொன்னால் கேட்டால்தானே! டேபிள் ஃபேனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்கும்மா உனக்கு வீண் சிரமம்" என்றார். இந்தப் பணிவுதான் எனக்கு எரிச்சலே. வாயைத் திறந்து 'தாங்க முடியல' என்று ஒரு தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

ஏப்ரல் 8

நான் ஆபீஸில் இருக்கிற நாளெல்லாம், மத்தியானம் ஆனால் கிளம்பிவிடுகிறார். லைப்ரரிக்காம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புகிறார். வீட்டு வேலைக்கு நல்ல டிமிக்கி. இவர் காதிலும் போட்டுவைத்தேன்.

ஏப்ரல் 15

எழுதவே கை கூசுகிறது.

ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஃபர்னிச்சர் ஷோரூமுக்கு ஒரு சின்ன அலமாரி பார்க்கப் போனேன். உள்ளே நல்ல ஏசி. கட்டில்கள் போட்டிருந்த பக்கம், ஒரு மெத்தையின் ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு — அண்ணி.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கு! ஒரு நொடிதான். உடனே சமாளித்துக்கொண்டு, "இதோ வந்துட்டாளே!" என்று சேல்ஸ் பெண்ணைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "நீங்கதானா மேடம்? ஆன்ட்டி தினமும் உங்களப் பத்திதான் பேசுவாங்க. தம்பி பொண்டாட்டிக்குப் புடிச்சாத்தான் கட்டில் வாங்குவேன், அவ செலக்‌ஷன் நல்லா இருக்கும்னு. எப்ப வருவீங்கன்னு நாங்களும் பாத்துட்டே இருந்தோம்."

தினமும்.

நான் என்ன செய்ய? மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். "கொஞ்சம் கெட்டியா இருக்குல்ல அண்ணி?" "ஆமாம்மா, யோசிச்சே வாங்கலாம்." என்ன நடிப்பு, ரெண்டு பேருக்கும்! பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். எங்கள் தெரு திரும்பும்போது வெளியே பார்த்துக்கொண்டே, "அங்க ஜிலுஜிலுன்னு இருக்கும். வேற ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இவர் கீழே ஏசியைப் போட்டுக்கொண்டு மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அண்ணி குளிக்கப் போயிருந்தார். நான் அவர் அறைக்குப் போய் அந்த ஜன்னலைத் திறந்தேன். அனல் முகத்தில் அறைந்தது. எட்டிப் பார்த்தால், எங்கள் பெட்டி. நேர் கீழே. எங்கள் அறைச் சூட்டையெல்லாம் உறிஞ்சி, இங்கே துப்பிக்கொண்டிருக்கிறது. இந்த ஜன்னலைத் திறந்து வை என்றுதானே நான் புத்தி சொன்னேன்! சீ, என்ன ஜென்மம் நான்.

இவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். "எந்த முட்டாள் இதைக் கொண்டுவந்து இங்க மாட்டினது?" என்று கத்தினார். என் வாயில் என்ன வந்தது? "மெக்கானிக்தான். இங்கதான் வசதின்னு சொன்னான்."

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அண்ணி வாசற்படியில் நின்றார். "ஆமாண்டா. அன்னிக்கு நான்கூட இந்த ஜன்னல்கிட்டதான் நின்னுட்டிருந்தேன். அவன்தான் சொன்னான்."

கேட்டிருக்கிறார். 'யாரும் இல்ல' என்று நான் சொன்னதை மேலே நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, இத்தனை நாளும் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இப்போது எனக்காகப் பொய்யும் சொல்கிறார். ஐயோ, நான் எங்க போய் முட்டிக்குவேன்?

ஏப்ரல் 20

வாய் தவறி வந்துவிட்டதா? அவசரத்தில் சொல்லிவிட்டேனா? — எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. மேலே யாரும் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மனதில் இருந்தது. அதுதான் வாயில் வந்தது.

ஏப்ரல் 24

பெட்டியை இடம் மாற்றும்வரை ஏசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாகிவிட்டது. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுமாம். அண்ணி அறையின் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டியாயிற்று. உள்ளே திரை போட்டால் பிரயோஜனம் இல்லை, கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலை மறிக்க வேண்டும். திருடன் பயத்தில் மொட்டை மாடிக் கதவை நான் பூட்டியே வைத்திருந்தேன். இப்போது பொழுது சாய்ந்ததும் அதைத் திறந்துவிடுகிறேன். வீட்டுச் சூடெல்லாம் படி வழியாக ஏறி வெளியே போய்விடுகிறது.

அண்ணி "போதும்மா, போதும்மா" என்கிறார். எனக்குத்தான் போதவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 27

பெட்டியை முன்பக்கம் மாற்ற அதே மெக்கானிக் வந்தார். வாசலிலேயே இவர் பிடித்துக்கொண்டார். "மேல ஒரு மனுஷி இருக்காங்கன்னு பாக்க மாட்டியா? கண்ண எங்கய்யா வெச்சிருந்த?" மெக்கானிக் என்னைப் பார்த்தார். படியில் நின்றிருந்த அண்ணி எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார், சும்மா இரு என்று.

என்னால் முடியவில்லை. "அவர் கேட்டாரு. நான்தான் மேல யாரும் இல்லன்னு சொன்னேன். அண்ணிக்கும் அது தெரியும்" என்றேன்.

அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே நெஞ்சு லேசாகிவிட்டது. மெக்கானிக் குனிந்து பையில் எதையோ தேடினார். நான் நிமிர்ந்து பார்த்தால் படியில் அண்ணி இல்லை.

ஏப்ரல் 30

கேஸ் தீர்ந்துவிட்டது, பால் வாங்கணும். இவர் என்னோடு பேசுவது இப்போது அவ்வளவுதான்.

மே 3

அண்ணி மூட்டை கட்டுகிறார். கூட வேலை பார்த்த தோழி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். இவர் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் மேலே போய், காலில் விழாத குறைதான். "இப்பதான் ரூம் நல்லா இருக்கே அண்ணி. என் மேல கோவம்னா ரெண்டு அறை குடுங்க. போகாதீங்க."

துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "கோவமெல்லாம் எப்பவோ தீந்துபோச்சும்மா. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயமா இருந்துச்சு. உனக்கே மனசு உறுத்தி, வேகாத வெயில்ல ஓடி ஓடிச் செஞ்ச. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இப்ப தம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு. வேலைக்கு வந்தவருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் தட்டுல கை வெச்சா அவன் உன்னைப் பாப்பான், அப்புறம் என்னைப் பாப்பான். எப்படிம்மா உக்காந்து சாப்பிடறது?"

அந்த ஜாடை எனக்காக இல்லையா அப்போ? என்னைக் காப்பாற்றுகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது தன் மானத்தை. நான் என் பாரத்தை இறக்குகிறேன் என்று அதைப் போய் வாசலில் போட்டு உடைத்திருக்கிறேன். எனக்கு லேசாக இருந்ததாம், லேசாக!

மே 4

போய்விட்டார். படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். இந்த வெயிலுக்குச் சாயந்தரத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

மே 11

இவர் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. காலையில் படியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். "மாடி அவ்ளோ ஜில்லுனு இருக்குக்கா. ஒரு நாளாவது வந்து படுத்துப் பாரேன்." அந்தப் பக்கம் என்ன பதிலோ. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரிக்கா, கேக்கறேன்" என்று வைத்தார்.

சமையலறை வாசல்வரை வந்து நின்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அக்கா உன்னை விசாரிச்சா. நல்லாத் தூங்கறியான்னு கேக்கச் சொன்னா."

தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, மறுபடி களைந்தேன்.

"தூங்கறேன்னு சொல்லிடுங்க" என்றேன்.