அண்ணன் சைக்கிளின் பித்தளை மணி

செப். 26, வெள்ளி

வெயில். காலாண்டுத் தேர்வு முடிந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு அரசு சைக்கிள் இன்று கொடுத்தார்கள். எல்லோரும் வரிசையாக மிதித்து வந்தோம். அரிமளம் முக்கத்தில் ஆளாளுக்குப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு நான் மட்டும்.

வீட்டில் இப்போது இரண்டு சைக்கிள். அம்மா பார்த்ததும் சொன்னது: "ரெண்டு எதுக்கு? அண்ணனோட கியர் சைக்கிள மாமாவுக்குக் குடுத்துருவோம். தோட்டத்துக்குப் போக வர ஆகும்." இலுப்பூர் மாமா ரொம்ப நாளாகக் கேட்கிறார். அண்ணன் வேலைக்குச் சிங்கப்பூர் போய் ஒரு வருடம் நான்கு மாதம். ஆயுத பூஜை அன்று வீடியோவில் வருவான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பதாக முடிவு.

கொடுக்க விடக் கூடாது. எனக்கு ஐந்து நாள்.

செப். 27, சனி

மேகமூட்டம். நூலகம். நூலகர், மின்விசிறி, நான். பழைய இதழ் ஒன்றில் கட்டுரை: இன்றைய மலை சைக்கிள்களில் எதை நாளைக்குத் தேடித் தேடி வாங்குவார்கள்? (அண்ணனுடையதும் மலை சைக்கிள்தான். இங்கே மலை என்றால் திருமயம் கோட்டைப் பாறைதான்.) குறித்துக்கொண்டவை:

1. கொஞ்ச காலமே வந்த மாடல். – கம்பெனி நிறுத்திவிட்டது. ✓
2. அந்தக் காலத்துக்குப் புதிதாக ஏதாவது. – பின்னாலும் ஷாக். எங்கள் ஊரில் அதுதான் முதல். ✓
3. பில், கையேடு. – அண்ணன் பெட்டியில். ✓
4. முதலில் வந்த அதே பெயிண்ட், ஸ்டிக்கர். – முன் ஸ்டிக்கர் பாதி போச்சு. அரை ✓
5. பாகம் எதையும் மாற்றக் கூடாது. புதிதாகச் சேர்க்கவும் கூடாது. – ✗. அண்ணன் மாட்டிய மணி.
6. அதற்காக ஏங்கியவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் பெரியவர்களான பிறகுதான் தேடுவார்கள்.

ஆறாவதை எதிர்பார்க்கவில்லை. யாராவது ஏங்கினால்தான் ஆகுமாம். குறி போடவில்லை.

செப். 28, ஞாயிறு

செல்வம் அண்ணனின் சைக்கிள் கடை. மணியைக் கழற்றச் சொன்னேன். பித்தளை, கைப்பிடி அளவு. திருமயம் தேர்த் திருவிழாக் கடையில் அண்ணன் வாங்கிப் போட்டது. அவன் தெருமுனையில் அடித்தால் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

"ஏத்தா, நல்லா அடிக்கிற மணிய எதுக்குக் கழட்டச் சொல்ற?"

கம்பெனியில் எப்படி வந்ததோ அப்படியே இருந்தால்தான் மதிப்பு என்று விளக்கினேன்.

"அப்ப காத்தும் கம்பெனிக் காத்தாத்தான் அடிக்கணும்போல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது. மணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூடப் படிக்கும் ஜான்சி விடுமுறைக்குத் திருச்சி போய்விட்டாள். சைக்கிள் படம் அனுப்பினேன். "சூப்பர்" என்று போட்டாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை.

செப். 30, செவ்வாய்

மதியம் மழை. ஒட்டடை அடித்தோம். அப்பா அறுவடை வண்டியோடு தஞ்சாவூர் பக்கம், பூஜைக்கு வரவில்லை. அம்மாவும் நானும்தான். கண்ணாடி முன் நின்று ஆறு விதிகளையும் சொல்லிப் பார்த்தேன். மூன்று நிமிடம். அண்ணன் என்னோடு பேசுவது எப்போதும் நான்கு நிமிடம். போதும்.

வாங்க வேண்டியவை: பொரி, கடலை, பூசணிக்காய், சந்தனம்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மிஷின், என் புத்தகங்கள், இரண்டு சைக்கிள். ஸ்டிக்கரில் படாமல் சந்தனம் வைத்தேன்.

அண்ணன் வந்தான். இளைத்திருக்கிறான். பின்னால் இரும்புக் கட்டில், யாரோ தூங்குகிறார்கள். முதல் விதி சொன்னேன். இரண்டாவது பாதியில் இருந்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. மணிய அடி. கேட்டு எம்புட்டு நாளாச்சு."

கழற்றிவிட்டேன், அது கம்பெனியில் வந்ததில்லை என்றேன். படம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவன் கண் இமைத்தது.

"சரி. மாமாவுக்கே குடுத்துருங்க."

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். ஆறாவது விதிக்கு நேரே இப்போது ✓ போட்டேன்.

அக். 2, வியாழன்

மணியைத் திரும்ப வாங்கப் போனேன். செல்வம் அண்ணன் கடை பூட்டு. மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார். பொரி நமுத்துவிட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதுதான் இன்றைய பேச்சு.

அக். 3, வெள்ளி

கடை திறந்திருந்தது. மணி இல்லை. திங்கட்கிழமையே கீரைக்காரர் சைக்கிளில் மாட்டிக் கொடுத்துவிட்டாராம். "நீதானத்தா வச்சுக்கங்கன்னு சொன்ன." உண்மைதான். கீரைக்காரர் காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். விடுமுறை என்று இத்தனை நாளும் அந்நேரம் தூங்கியிருக்கிறேன்.

அக். 4, சனி

ஆறரைக்கே வாசலில். பனி. ஆள் தெரிவதற்கு முன் மணி கேட்டது. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

கீரைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்பட்டார். "கழட்டித் தந்துரவா தாயி?" அதற்குள் மணி கேட்டு மூன்று வீட்டுக்காரர்கள் முறத்தோடு வந்துவிட்டார்கள். இந்த வாரம் கூவ வேண்டியதே இல்லை, தொண்டை தேறிவிட்டது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. இன்னொரு தடவ அடிங்க."

போனில் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் அவன் குரல் வந்தது. இவ்வளவு சீக்கிரம் இதுதான் முதல் தடவை.

"அம்மாட்ட சொல்லிர்றேன். சைக்கிள் அங்கனயே நிக்கட்டும். வந்து நானே அடிக்கிறேன்."

மணி இப்போது கீரைக்காரரிடம் என்று அவனுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அழித்தேன்.

நாளையும் ஏழு மணிக்கு முன் எழ வேண்டும்.