மல்பெரி பழுக்கிற வாரம்

என் கண்ணே நர்கிஸ் ஜானுக்கு, அம்மா எழுதுவது. இங்கே டாண்டினோங்கில் அல்லாவின் கருணையால் எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ பெர்த்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், போனை எடுத்தால்தானே கேட்க முடியும்.

நான் உதவியாளராக இருக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு கூத்து. சுவரில் பிறந்தநாள் ரயில் ஒட்டியிருக்கிறது, மாதத்துக்கு ஒரு பெட்டி. நம்மைப் போல அகதியாக வந்த ஹசாராப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜனவரிப் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒன்றாம் தேதி. ஊரில் யார் தேதி எழுதி வைத்தார்கள், விசா கொடுத்தவர்கள் போட்டதுதானே. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஆகவே கேக்கும் இல்லை, காகிதக் கிரீடமும் இல்லை. கெர்ரி டீச்சர் தங்கமானவள், ஆனால் நம் வழக்கத்தில் பிறந்தநாளே கிடையாது போலும், மனம் புண்படக் கூடாது என்று தானாக நினைத்து நம் பிள்ளைகளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வாரம் மாசூமா என்ற வாயாடி என் சால்வையைப் பிடித்து இழுத்து, "ஹமிதா டீச்சர், நான் மட்டும் பொறக்கவே இல்லியா?" என்றாள். சிரிக்கப் போனேன், அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்ததும் அவளை அணைத்துக்கொண்டேன். கெர்ரியிடம் சொன்னேன். "அடடா, நான் வாயத் திறந்து கேட்டிருக்கணும்" என்று முகம் சிவந்து, மாசூமாவின் அம்மாவை வரவழைத்தாள். அந்த அம்மா, "தேதி யாருக்குத் தெரியும்? மல்பெரி பழுத்து உதிர்ற வாரம், பொறுக்கிட்டிருக்கும்போதே வலி வந்துடுச்சு, சிவந்த கையோடதான் இவளத் தூக்கினேன்" என்றாள். கெர்ரி ஜன்னலைப் பார்த்தாள். நவம்பர் அல்லவா, ஊருக்கு இங்கே பருவம் தலைகீழ், நம் பள்ளி வேலியோரத்து மல்பெரி மரம் பழுத்துக் கொட்டிக் கிடக்கிறது. மறுநாள் மரத்தடியிலேயே கேக், மாசூமா தலையில் கிரீடம், எல்லோர் வாயும் சட்டையும் ஊதா நிறம். சலவைக்காகத் தாய்மார் என்னை ஏசிக்கொண்டிருக்கிறார்கள், ஏசட்டும். மற்றப் பிள்ளைகளும், "எங்கம்மாகிட்டயும் கேக்கணும்" என்று வீட்டுக்கு ஓடினார்கள்.

நீயும்தான், ஒன்றாம் தேதி வாழ்த்தினால், "அது ஆபீசர் போட்ட நாளும்மா, என்னோடது இல்ல" என்று போனை வைத்துவிடுகிறாய். கேட்டுக்கொள். முதல் பனி விழுந்த காலையில் நீ பிறந்தாய். மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடிய உன் அப்பா வழுக்கி விழுந்தார், அவள்தான் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்த முழங்கால்தான் இது.

நீ நூறாண்டு வாழ வேண்டும். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போ. பெர்த்தில் பனி விழாது, அடுத்த குளிர்காலத்தில் இங்கே மலையில் முதல் பனி விழுந்த அன்று போன் செய்வோம். அன்றைக்காவது எடு, அப்பா முதலில் பேசுவார்.

உன் அம்மா,
ஹமிதா