வரம்பில் கட்டிய சிவப்புத் துணி

03.09.2024, செவ்வாய்
தரவையில் இனி மேய ஒன்றுமில்லை. காலையில் எங்கள் பசு செவலையை அவிழ்த்துக்கொண்டு போனேன். வெடித்த நிலத்தை முகர்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது, நான் ஏதோ புல்லை ஒளித்து வைத்திருப்பதுபோல. ஏழு மாதச் சினை. விலா எலும்பை எண்ணலாம்.

வாகீசன் மறுபடியும் தொடங்கிவிட்டார். “மழைக்கு இன்னும் ஒண்டரை மாசம் கிடக்கு. ஆரும் கேட்டால் குடுத்திடுவம்.” யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இறைச்சிக்கடைக்காரன்தான். மழை வரும்வரை தீன் போடுவது என் பொறுப்பு என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். கட்டின மனுசனிடம் தோற்பதா?

07.09, சனி
ஓலை. ஓலை. பனையோலை கிழித்துக் கிழித்து விரலெல்லாம் கீறல். செவலை அதையும் பாதியில் விட்டுவிடுகிறது.

10.09, செவ்வாய்
ஊரில் பச்சையாக இருப்பது சண்முகநாதன் அண்ணையின் கத்தரித் தோட்டத்து மேற்கு வரம்பு மட்டும். இறைக்கிற தண்ணீர் கசிந்து, வெட்ட வெட்டப் புல் வளர்கிறது. அவர் யாரையும் மறிப்பதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பத்மாக்கா விடியமுன்பே போய் வழித்துவிடுகிறார். அவருக்கு இரண்டு மாடு. நான் போகும்போது வேர்தான் மிச்சம். வயிறு எரிகிறது.

12.09, வியாழன்
செய்துவிட்டேன்.

மருந்தடித்த வரம்பில் சிவப்புத் துணி கட்டுவது இங்கே வழக்கம். துணியைக் கண்டால் ஒருவரும் அரிவாள் வைக்கமாட்டார்கள். அண்ணை அந்தப் பக்கம் மருந்தடித்து வாரக்கணக்காகிறது. என் பழைய சட்டையைக் கிழித்து ஒரு தடியில் கட்டி, வரம்பில் ஊன்றிவிட்டு வந்தேன்.

பொய்தான். மழை வரும்வரைக்கும் ஒரு பொய். யாருக்கு என்ன நட்டம்?

16.09, திங்கள்
பத்மாக்கா துணியைக் கண்டு திரும்பிப் போகிறார். நான் இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில் போய், உரப்பை நிறைய வெட்டி வருகிறேன். செவலை அசைபோடுகிற சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. “எங்கை இவ்வளவு புல்லு?” என்றார் வாகீசன். சிரித்துவிட்டு உரப்பையை உதறி மடித்தேன்.

24.09, செவ்வாய்
பின்னேரம். செவலைக்கு என்னவோ — வாயாலை நுரை வடியுது. பின்னங்கால் நடுங்குது. நேற்று வெட்டின புல்லுத்தான் போட்டனான். மிச்சத்தை இப்ப மணந்து பார்த்தன். மருந்து மணக்குது. ஐயோ, ஏன் முதலே மணந்து பார்க்கேல்லை? வாகீசன் டொக்டரைக் கூட்டிவரப் போயிட்டார், இன்னும் காணேல்லை. கடவுளே. விழுந்திட்டுது.

25.09, புதன்
மிருக வைத்தியர் இரண்டு தரம் ஊசி போட்டார். செவலை உயிரோடு இருக்கிறது. கன்று விடியற்காலை செத்து விழுந்தது. நாகு, பெண் கன்று.

சண்முகநாதன் அண்ணை கேள்விப்பட்டு ஓடிவந்தார். “ஞாயிற்றுக்கிழமை மருந்தடிச்சனான் பிள்ளை. துணி ஏற்கெனவே கிடந்தது. போனமுறை நான் கட்டினதாக்கும் எண்டு புதுசு கட்டேல்லை. நீ துணியைக் காணேல்லையோ?”

காணவில்லை என்றேன். இன்னொரு பொய்.

26.09, வியாழன்
பத்மாக்கா ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து போட்டார். தன் மாடுகளுக்கென்று வைத்திருந்தது. “வருத்தக்கார மாடு, வாய்க்குப் பிடிக்காது. குருத்தோலையாப் பார்த்துக் கொண்டந்தனான்.”

தாங்க முடியவில்லை. வாகீசன் நிற்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்மாக்கா செவலையைத் திரும்பிப் பார்த்தார். “என்ரை மாடு ரெண்டும் காஞ்ச ஓலையைச் சப்பிக்கொண்டு நிண்டதுகளடி, கலா” என்றார். போய்விட்டார். ஓலைக்கட்டை எடுத்துப் போகவில்லை.

27.09, வெள்ளி
அண்ணையிடமும் போய்ச் சொன்னேன். என் துணியை அவிழ்த்து வந்தேன். அவர் ஏசவில்லை; ஏசியிருக்கலாம்.

19.10, சனி
மழை.

02.11, சனி
தரவையில் கணுக்கால் அளவு புல். செவலை நாள் முழுவதும் மேய்கிறது, விலா மூடிவிட்டது. விற்கிற கதையை வாகீசன் எடுப்பதில்லை. வென்றது நான்தான். கன்று நிற்கவேண்டிய வெறும் கொட்டில் மூலையைப் பார்த்தால் அழுகை வருகிறது.

பின்னேரம் மாட்டைக் கொண்டு திரும்பும்போது, கத்தரி வரம்பில் ஒரு சிவப்புத் துணி. அதற்கு முன்னால், இராத் தீனுக்குப் புல் வெட்ட வந்த பத்மாக்கா, கையில் அரிவாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்றுதான் என்னோடு கதைத்தார்.

“உது ஆரின்ரை துணி?”

“என்ரை இல்லை அக்கா. சத்தியமா.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு அரிவாளை வரம்பில் வைத்துவிட்டு, சண்முகநாதன் அண்ணையிடம் கேட்டுவர அவர் வீட்டுக்கு நடந்தார்.