கம்பி இல்லாத படம்

அண்ணா,

மூன்று நாட்களாக உங்கள் கேமரா பை என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. அண்ணி கொண்டுவந்து வைத்தார். ஜிப்பைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை வந்தது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டி முடித்ததும் நீங்கள் ஊற்றுகிற வார்னிஷ். லென்ஸ் துடைக்கிற துணியில்கூட அந்த வாசனைதான். ஜெராக்ஸ் கடை முழுவதும் நீங்கள் வந்து நிற்பது போல் ஆகிவிட்டது. பையை மூடிவிட்டேன்.

பத்தாவதோடு படிப்பை விட்டு இந்தக் கடையில் டைப் அடிக்க உட்கார்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. கம்ப்யூட்டர் சுவரைப் பார்த்து இருந்தது. வருகிறவர்கள் என் முதுகைத்தான் பார்ப்பார்கள், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடித்தது. பக்கத்து மோட்டார் ரிப்பேர்க் கடையிலிருந்து நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் நான்கு பக்கக் கட்டுரை எழுதி எடுத்துக்கொண்டு வருவீர்கள். ஓரத்தில் எல்லாம் கிரீஸ் விரல் ரேகை. "ஏன் கண்ணு பள்ளிக்கூடம் உட்டுட்டே?" என்று முதல் நாளே கேட்டீர்கள். "கணக்குங்க" என்றேன். "எனக்கும் அதேதான். இப்பப் பாரு, பொழுதன்னிக்கும் சுத்து எண்ணிக்கிட்டுக் கெடக்கறேன்" என்று சிரித்தீர்கள்.

ஒரு வாரம், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற நிலா படத்தில் ஏன் புள்ளியாகிவிடுகிறது என்று எழுதுவீர்கள். அடுத்த வாரம், மருதமலைக்கு மேலே சாயங்காலம் நகர்ந்துபோகிற செயற்கைக்கோள். தேர்தல் வந்தபோது, பிளெக்ஸ் பேனர்களில் வேட்பாளர்களின் முகச்சுருக்கம் எல்லாம் எங்கே போகிறது, சுருக்கத்தை மறைப்பவர் வேறு எதையெல்லாம் மறைப்பார் என்று கேட்டிருந்தீர்கள். அதை டைப் அடித்தவள் நான்தான். சனிக்கிழமை காலையில் அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் போகும். ஒரு பிரிண்ட் பேக்கரிச் சுவரில் ஒட்டப்படும். டீ குடிக்கிறவர்கள் படிப்பார்கள்.

எனக்கு உங்கள் எழுத்தில் சில இடங்கள் ஒத்துவராது. வாயால் சொல்ல வராது. அதனால் வரிகளுக்கு நடுவே சிவப்பு எழுத்தில் அடித்து வைப்பேன். 'இது போன வாரமே எழுதியாச்சு.' 'நீங்களே இதை நம்பறீங்களா?' நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, கடை அதிரப் பதில் சொல்வீர்கள். "நம்பாமயா எழுதுவேன்? அதெல்லாம் இருக்கட்டும், அந்த வரிய எடுக்க மாட்டேன்!" ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் முதலாளி அக்கா திரும்பிப் பார்ப்பார். "ஏனுங்ணா, யாருகூடச் சண்டை போடறீங்க? அந்தப் புள்ள வாயே தொறக்கலியே!" "இவ வாயத் தொறந்தாக்கூடப் பரவால்லீங்க அம்மணி. விரல்லயே ஆளைக் கொல்றா" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும். திரும்ப மாட்டேன்.

போன வருடம் ஆடியில் அடித்த காற்றில், பள்ளத்துத் தோட்டத்து வண்டித்தடத்தில் ஒரு கம்பம் சாய்ந்தது. மின்கம்பி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கியது. அந்த வழியாகத்தான் வெளியூரிலிருந்து தேங்காய் பறிக்க வருகிறவர்கள் நீளமான அலுமினியத் தொரட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் அதிகாலையில் போய் நின்று படம் எடுத்தீர்கள். பின்னால் பனி இறங்கிய மலை. முன்னால் தொரட்டியோடு ஒருவர். அவர் தலைக்கு மேலே அந்தக் கம்பி.

அந்த வெள்ளிக்கிழமை வேலை நெருக்கத்தில், காகிதத்தையும் மெமரி கார்டையும் கொடுத்துவிட்டு ஓடிவிட்டீர்கள். "நீயே போட்டுரு கண்ணு" என்றீர்கள். எனக்குப் படத்தைத்தான் முதலில் பார்க்கத் தோன்றியது. அவ்வளவு அழகான மலையை நடுவில் ஒரு கறுப்புக் கோடு கிழித்துக்கொண்டு போயிற்று. என் போனில் தேவையில்லாததை விரலால் தேய்த்தால் அழிகிற வசதி புதிதாக வந்திருந்தது. தேய்த்தேன். கம்பி போயிற்று. சாய்ந்த கம்பமும் போயிற்று. அந்த இடத்தில் மலையும் பனியும் தானாக வந்து நிரம்பின. நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கட்டுரையை அடித்தேன். அடிக்கும்போது என் மனம் எழுத்துப்பிழையில் இருக்குமே தவிர, பொருளில் இருக்காது. சனிக்கிழமை காலையில் குழுவில் போட்டுவிட்டேன்.

'படத்தைப் பாருங்கள், கம்பி எவ்வளவு கீழே தொங்குகிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்டால் மனுவோடு இந்தப் படத்தையும் வைத்துக் கொடுத்துவிடலாம்' என்று கட்டுரை முடிந்திருந்தது. படத்தில் வெறும் மலை.

அன்றைக்கே பேக்கரியில் நடந்த பேச்சு எங்கள் கடை வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க, கம்பி எங்கீங்க? காத்துல பறந்து போச்சுங்களா?"

"கண்ணாடிய மாத்துங்க மொதல்ல. இல்லாத கம்பிக்குக் கையெழுத்துக் கேக்கறாரு!"

"உடுங்க மாமா, அடுத்த வாரம் யானை படம் போடுவாரு. யானையும் இருக்காது."

நீங்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தீர்கள். நேராக எங்கள் கடைக்கு வந்து எனக்குப் பின்னால் நின்றீர்கள். அக்கா பக்கத்திலேயே இருந்தார். நான் சிவப்பு எழுத்தில் அடித்தேன்: 'நான்தான் அழித்தேன். அழகாக இருக்கட்டும் என்று. என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.'

எப்போதும் கத்திப் பதில் சொல்கிற நீங்கள் அன்றைக்குக் கத்தவில்லை. என் தோளுக்கு மேலே கையை நீட்டி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி, 'சரி' என்று அடித்தீர்கள். பிறகு இரண்டு வரிகளையும் நீங்களே அழித்தீர்கள்.

அசல் படத்தைப் போடலாமே என்று அக்கா வெளியே போனதும் மெதுவாகக் கேட்டேன். அதுதான் நான் உங்களிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி. "இனி அதப் போட்டா, கம்பிய வரைஞ்சுபோட்டான்னு சொல்லுவாங்க கண்ணு. ஒருக்கா நம்பிக்கை போச்சுன்னா நெசப் படமும் பொய்ப் படம்தான். உடு, பாத்துக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை, 'சென்ற வாரப் படம் என் கவனக்குறைவு. கம்பி அங்கேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்' என்று எழுதினீர்கள். யாரும் போகவில்லை. யாரும் கையெழுத்தும் போடவில்லை. நீங்கள் மூங்கில் நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டி, தடத்தின் இரண்டு பக்கமும் நிறுத்தினீர்கள். கடை திறப்பதற்கு முன்னால் தினமும் அங்கே போய் நின்று, தொரட்டிக்காரர்களைச் சுற்றிப் போகச் சொன்னீர்கள். தனி ஆளாக மனு எழுதிக்கொண்டு அலைந்தீர்கள். அந்த மனுக்களையும் நான்தான் அடித்தேன். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒரு நாள் மின்வாரியத்திலிருந்து வந்து கம்பத்தை நிமிர்த்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், அங்கே ஆபத்து இருந்தது என்றே யாரும் நம்பவில்லை. பேக்கரியில் உங்கள் காகிதத்தை ஒட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். ஒட்டினால் அதன்மேல் கிண்டலாகக் கோடு கிழித்து வைத்தார்களாம். நீங்கள் குழுவில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். படிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு வெள்ளிக்கிழமைகூட அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

இந்த ஐப்பசியில் நெஞ்சுவலி என்றார்கள். மறுநாள் நீங்கள் இல்லை. குழுவில் வரிசையாக அஞ்சலி வந்தது. அதில் ஒன்று: 'கம்பி இல்லாத படம் போட்ட அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதற்குக் கீழே நான்கு பேர் சிரித்திருந்தார்கள்.

அண்ணி அதைப் பார்த்துவிட்டார். பையை என் மேஜையில் வைத்துவிட்டு, "நீதான கண்ணு எல்லாம் அடிச்சுக் குடுத்தே. அவரு பொய்யி சொல்லிப்போட்டாருன்னு பேசிக்கறாங்களே, அப்படியா?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி போய்விட்டார்.

நேற்று மத்தியானம் உங்கள் வீட்டுக்குப் போனேன். எழுதி எடுத்துக்கொண்டு போகவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, எங்கிட்டக்கூடவா சொல்லக்கூடாது?"

அப்புறம் என்னிடம், "அந்தப் பேக்கரிப் பக்கமே போக மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு, டீ சரியில்லைன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்" என்றார். அழவில்லை. உங்கள் மேல் உண்மையாகவே கோபமாக இருந்தார். நீங்கள் உயிரோடு இருக்கும்போது காட்டவேண்டிய கோபத்தை இப்போது சுவரைப் பார்த்துக் காட்டுகிறார். அதற்கும் நான்தான் காரணம்.

உங்கள் கார்டில் அசல் படம் அப்படியே இருக்கிறது, அண்ணா. நாளை சனிக்கிழமை. இந்தக் கடிதத்தோடு அதையும் குழுவில் போடப்போகிறேன். பேக்கரியில் ஒட்டச் சொல்லி நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். வரைந்தது என்று சொல்வார்கள். கம்பம் நிமிர்ந்துவிட்டது. இனி போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கம்பி அங்கே தொங்கியது என்பதற்கு ஊரில் மிச்சமிருக்கிற சாட்சி, அதை அழித்தவள் ஒருத்திதான். நான் அழித்தேன் என்று சொன்னால்தான் அது இருந்தது என்று ஆகும்.

அழித்தேன். என் பெயர் கார்த்திகா. ஜெராக்ஸ் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்கலாம். திரும்பிப் பதில் சொல்வேன்.