வலது பக்கம் இருபத்திரண்டு கிளிக்

அன்புள்ள அத்தான்,

நீங்க போய் ஏழு மாசமாச்சு. இத்தனை நாளா நான் உங்களோட பேசவே இல்ல. ஜெபத்துல கூட உங்க பேரைச் சொல்லிட்டு அவசரமா அடுத்த பேருக்குத் தாவிருவேன். பேச ஆரம்பிச்சா அந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும், அதுக்குத் தெம்பு இல்ல. இப்பவும் தெம்பு வந்துருச்சுன்னு நினைக்காதீங்க. போன வாரம் உங்க பிரஸ் முதலாளி ஆள் விட்டிருந்தார். ஏர் பிஸ்டலைத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேட்டு.

அவரைத் தப்பு சொல்ல முடியாது. வெளிநாட்டுலருந்து ஆசையா வாங்கி, ரெண்டு நாள் சுட்டுட்டுப் பரண்ல போட்டு வச்சிருந்ததை, "ஞானராஜு, ஒன் கண்ணுக்கு இது சும்மா கெடக்கக் கூடாதுடா" ன்னு உங்க கையில தூக்கிக் குடுத்தவர் அவர்தானே. சிவகாசியில பட்டாசு லேபிள் அச்சடிக்கிற அத்தனை பிரஸ்லயும் உங்க கண்ணுக்கு ஒரு பேர் இருந்தது. நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு இம்மி பிசகாம உக்காரணும், மயிரிழை தள்ளினாலும் லேபிள்ல இருக்குற சாமிக்கு ரெண்டு மூக்கு வந்துரும்னு சொல்லிச் சிரிப்பீங்க. லென்ஸ் வச்சு மத்தவங்க பாக்குறதை நீங்க வெறுங்கண்ணால பாத்துச் சொல்லுவீங்க.

சூலக்கரைப் பக்கம் துப்பாக்கி சுடுற அந்தக் கிளப்புக்கு நானும் கூட வர ஆரம்பிச்சது எதுக்குன்னு ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நீங்க அங்க ஓடிட்டா ஆஸ்பத்திரி டூட்டி இல்லாத ஒரே நாளும் எனக்குத் தனியாப் போகுதுன்னு சண்டை போட்டேன். "அப்ப நீயும் வா புள்ள, எனக்கு ஒரு ஆளு வேணும்" னீங்க. தகரக் கொட்டகை, பத்து மீட்டர் தள்ளி கறுப்பு வட்டம் போட்ட அட்டை. நான் பின்னால ஸ்டூல்ல உக்காந்து பைனாகுலர்ல பாத்து, குண்டு எங்க விழுந்ததுன்னு சொல்லணும். குறி பாக்குற சைட்டைத் திருப்புற குட்டி ஸ்குரூ டிரைவர் என் கையில இருக்கும். ஒவ்வொரு திருப்புக்கும் கிளிக்னு ஒரு சத்தம், சைட் மயிரிழை நகரும்.

முதல் மாசம் பூராவும் சைட் தேர்ந்தெடுக்குறதுலயே போச்சு. துப்பாக்கியோட பின்னால ஒரு தகடு, அதுல நடுவுல சதுரமா ஒரு வெட்டு. அது பேக்சைட். முன்னால குழல் நுனியில ஒரு சின்னக் கட்டை. அது போர்சைட். வெட்டுக்கு நடுவுல கட்டை நிக்கணும், கட்டைக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சக் கோடு ஒரே அளவுல தெரியணும். கட்டை ரொம்ப ஒல்லியா இருந்தா வெளிச்சம் நிறைய வந்து எது நடுன்னே தெரியாது, தடிமனா இருந்தா வெளிச்சமே இல்லாமக் கண்ணு சோந்துரும்னு, பெட்டியில இருந்த மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தீங்க. "அட்டையைப் பாக்கக் கூடாது எஸ்தரு. அது மங்கலாத்தான் தெரியணும். கட்டைதான் கத்தி மாதிரி தெரியணும்." நடுத் தடிமன்ல இருந்ததைப் போட்டு முதல் தடவை சுட்டப்ப உங்க முகத்தைப் பாக்கணுமே!

எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரே ஒரு விதி. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் பேக்சைட்டைத் தள்ளு. அவ்வளவுதான். அந்த விதியை நான் ஒரு தடவை கூடத் தப்பாச் செய்யல, அத்தான். அதான் இன்னைக்கும் நெஞ்சுல நிக்குது.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிஞ்சதும் குண்டு இடது பக்கம் விழ ஆரம்பிச்சது. கொஞ்சம்தான். "ரெண்டு கிளிக் வலது" ன்னு சொன்னீங்க, திருப்பினேன், நடுவுக்கு வந்தது. மூணு வாரம் கழிச்சு மறுபடியும் இடது. மறுபடியும் ரெண்டு. ஒரு நாள் துப்பாக்கியை இறக்கி வச்சிட்டு, "கட்டைக்கு வலது பக்கத்து வெளிச்சம் மட்டும் ஒல்லியாத் தெரியுது புள்ள, ரெண்டையும் சமமாக்குனா குண்டு இடது போகுது" ன்னீங்க. நான் என்ன செஞ்சேன்? வெட்டு அகலமா இருக்குற வேற தகடு இருக்கான்னு பெட்டியில தேடினேன். இருந்தது. மாட்டிக் குடுத்தேன். வெளிச்சம் ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியுதுன்னு சந்தோசப்பட்டீங்க.

பதினோரு வருஷமா நர்சு நான். வார்டுல ஒரு நோயாளி வந்து ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் குறையுதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். என் வீட்டு ஆளு சொன்னப்ப ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

சொல்றதுக்கு ஆளில்லாமலும் இல்ல. கிளப்புக்கு வர்ற ஆயுதப்படை ஏட்டு பாண்டித் தம்பி ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "மதினி, தப்பா நெனைக்காதீக. அண்ணன் சுடும்போது தலையை வலது பக்கமாத் திருப்பிப் பிடிக்காரு. முன்னால இப்படி இல்ல. கண்ணைக் கொஞ்சம் காட்டிருங்க." எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நர்சுக்கே சொல்லித் தர்றாரேன்னு ஒரு வீம்பு. "ராத்திரி பகலா மிஷின்ல நிக்கிறாக தம்பி, சீசன்ல, கழுத்து வலி" ன்னு வாயை அடைச்சேன்.

ஆனா மனசுல விழுந்திருச்சு. கண் டாக்டருக்குச் சீட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்க பேர் குடுத்திருந்த சுடுற போட்டிக்கு ரெண்டு வாரம் இருந்தது. "இப்பப் போய் கண்ணுல சொட்டு மருந்து ஊத்தி, கண்ணாடி போடச் சொன்னா எல்லாம் போச்சு. போட்டி முடியட்டும்" னீங்க. நானும் சரின்னேன். நீங்க சொன்னதால மட்டும் இல்ல. எனக்கும் ஆசை. என் புருஷன் ஜெயிக்கிறதைப் பாக்கணும்னு ஆசை.

ஜெயிச்சீங்களே! மூணாவது இடம். அன்னைக்குக் காலையில மட்டும் நாலு கிளிக் திருப்பினோம். சர்ட்டிபிகேட்டோட பஸ்ல வர்றப்ப வழி பூரா நாலு வழிச்சாலைக்கு மண்ணு வெட்டிப் போட்டிருந்தாங்க, வண்டி குலுங்கக் குலுங்க என் தோள்ல சாஞ்சு தூங்கினீங்க. என் வாழ்க்கையில நான் ரொம்பப் பெருமையா இருந்த நாள் அதுதான். அந்த நாளை நான் இப்ப எங்க கொண்டு போய் வைக்க?

அப்புறம் பிரஸ்ல புகார் வந்தது. லேபிளோட வலது ஓரத்துல கலர் தள்ளி நிக்குதுன்னு ஒரு லோடு பூராவும் திரும்பி வந்தது. முதலாளி உங்களைத் திட்டல, மிஷினைத்தான் சந்தேகப்பட்டார். நீங்களும் மிஷினைச் சொன்னீங்க. அதே ஞாயிறு சைட்டைத் திருப்பினேன், ஸ்குரூ நகரல. வலது பக்கம் போக இனி இடமே இல்ல. "துப்பாக்கிதான் பழுது" ன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம். பத்து நாள்ல, வலது பக்கமா வந்த சைக்கிள்காரரை நீங்க பாக்கவே இல்ல. டிவிஎஸ்-50 அவர் மேல ஏறிருச்சு. அவருக்குச் சிராய்ப்புதான். உங்களுக்கு ஒரு காயமும் இல்ல.

மதுரையில ஸ்கேன் எடுத்தாங்க. மூளைக்கு அடியில, ரெண்டு கண் நரம்பும் சேர்ற இடத்துல கட்டி. ஓரத்துலருந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வரும்னு டாக்டர் சொன்னார். சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும்னார். "எப்பலருந்து பார்வையில மாத்தம்?" ன்னு கேட்டார். நீங்க வாயைத் திறக்குறதுக்குள்ள, சைட்டைத் திருப்ப ஆரம்பிச்சு எத்தனையோ மாசமானதை மறைச்சு நான் சொன்னேன், "ரெண்டு மாசமா டாக்டர்."

நீங்க தலையை முழுசாத் திருப்பி என்னைப் பாத்தீங்க.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் மொட்டைத் தலையைத் தடவிக்கிட்டே சிரிச்சீங்க. "பாவம் எஸ்தரு, துப்பாக்கியைக் குத்தம் சொல்லிட்டோம் பாத்தியா." சொல்லிட்டோம்னு என்னையும் சேத்துச் சொன்னீங்களே, அது என்னை மன்னிச்சதா, இல்ல எனக்கும் பங்கு உண்டுன்னு சொன்னதா? கேக்க நினைச்சேன். அதுக்குள்ள சிஸ்டர் ஊசியோட வந்துட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள் உள்ள ரத்தம் கசிஞ்சு, காலையில உங்க கை என் கைக்குள்ளயே சில்லுன்னு ஆயிருச்சு.

சாத்தூர்லருந்து உங்கம்மா வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. "ஒரே மாசத்துல கொண்டு போயிருச்சே. நீ நர்சா இருக்கப் போய்த்தான் மதுரை வரைக்குமாச்சும் கொண்டு போனோம், தாயி" ன்னாங்க. அதை நிறுத்தவே இல்ல, அத்தான். கோயில்ல பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. போன் பண்றப்ப எல்லாம், "நீ செய்ய வேண்டியதைச் செஞ்சிட்ட, மனசை விட்ராத, சாப்பிட்டியா" ன்னு கேக்குறாங்க. அந்த வார்த்தைக்கு அப்புறம் சோறு இறங்குமா?

முந்தாநாள் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு கிளப்புக்குப் போனேன். குடுக்குறதுக்கு முன்னால சைட்டைப் பழையபடி நடுவுல வைக்கணும்ல. ஆனா கை ஸ்குரூவுக்குப் போகல. ஒரு தடவை உங்க சைட்ல, உங்களை மாதிரி பாக்கணும்னு இருந்தது. பாண்டித் தம்பிதான் பெல்லட் போட்டுக் குடுத்தார். ரெண்டு பக்கமும் வெளிச்சம் சமமா இருக்கு, கட்டை கத்தி மாதிரி தெரியுது. அஞ்சு தடவை சுட்டேன். நாலு குண்டு அட்டையோட வலது ஓரத்து வெள்ளையில. ஒண்ணு அட்டையிலயே இல்ல.

எம்புட்டு தூரம், அத்தான்! கறுப்பு வட்டத்தைத் தாண்டி அம்புட்டு தூரம் நீங்க போயிருக்கீங்க, நான் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு கிளிக்கா அனுப்பி வச்சிருக்கேன். குண்டு இடது பக்கம் விழுந்தது உங்க உடம்பு என்கிட்ட சொன்னது. நான் ஒவ்வொரு தடவையும் அதை நடுவுக்குத் தள்ளி வாயைப் பொத்தினேன். நான் மட்டும் அந்த விதியைத் தெரியாதவளா இருந்திருந்தா, நீங்க போட்டியில தோத்திருப்பீங்க. தோத்து, என் கூட டாக்டர்கிட்ட வந்திருப்பீங்க.

"மதினி, நான் திருப்பட்டுமா?" ன்னு பாண்டித் தம்பி கேட்டார். வேண்டாம்னு நானே இடது பக்கம் திருப்பினேன். எண்ணிக்கிட்டே வந்தேன். இருபத்திரண்டு. அப்புறம் சுட்டது கறுப்புக்குள்ள விழுந்தது. அன்னைக்கே சொன்னேனேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். துண்டால மூஞ்சியைத் துடைச்சிட்டு வெளிய போயிட்டார்.

துப்பாக்கிப் பெட்டி முதலாளி வீட்டுக்குப் போயிருச்சு. வீட்டுல இப்ப உங்க சட்டை மட்டும்தான் இருக்கு. இதுக்கு மேல கர்த்தர்கிட்ட என்ன கேக்குறதுன்னு எனக்குத் தெரியல. மன்னிப்புன்னு கேட்டா, குடுக்க வேண்டிய ஆள் நீங்க. நீங்க இல்ல.

உங்களுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்குறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க. வர்ற சனிக்கிழமைக்கு டூட்டி மாத்திக் கேட்டிருக்கேன். காலை பஸ்ஸுக்குச் சாத்தூர் போறேன். உங்கம்மா காபி போட எந்திரிக்கிறதுக்கு முன்னால, எதுக்க உக்காந்து, டாக்டர்கிட்ட சொன்ன பொய்யிலருந்து எல்லாத்தையும் சொல்லிருவேன். அவுக என்னை அடிச்சாலும் சரி, வெளிய போன்னு சொன்னாலும் சரி, சொல்லாம வாசப்படி இறங்க மாட்டேன். இது உங்களுக்குக் குடுக்குற வாக்கு.

சனிக்கிழமை வரைக்குமாவது உங்கம்மாவுக்கு மருமகளான,
உங்க எஸ்தர்