கிணற்றிலிருந்து வந்த குரல்

அன்புள்ள ஜோதிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? குடியாத்தத்தில் மழை உண்டா? நேற்று இங்கே நடந்ததை ஃபோனில் சொன்னால் என் குரலைக் கேட்டு நீ பயப்படுவாய். காகிதத்தில் எழுதினால் சிரிப்பாய்.

இங்கே அடையாற்றங்கரையில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் உன் புருஷன் பெரிய உத்தியோகஸ்தன். மூக்கு மட்டும் முதல் வாரமே ராஜினாமா செய்துவிட்டது.

நேற்று மத்தியானம், சாக்கடை வந்து விழும் கிணற்றின் வாயில் குப்பை வாரிக்கொண்டிருந்தேன். "நைனா" என்று ஒரு குரல். சென்னையில் யார் வேண்டுமானாலும் யாரையும் நைனா என்பார்கள். கூட வேலை செய்யும் அக்பர் பாஷா என்று நினைத்து, "இரு பாய், வர்றேன்" என்றேன். மறுபடியும் கூப்பிட்டது, கிணற்றுக்குள்ளிருந்து. நம் பொன்மணி தூக்கக் கலக்கத்தில் என்னை நைனா என்று இழுத்துக் கூப்பிடுவாளே, அதே இழுப்பு.

தடுப்புக் கம்பியைத் தாண்டி, உள்ளே இறங்கும் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பாஷா ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா நைனா, எங்க எறங்குற? உள்ள விஷ கேஸ் கீது. பொணமாத்தான் வருவ."

"பொண்ணு கூப்பிட்டா பாய்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு எம்புள்ள குரல்ல கேக்கும். பதில் குடுக்காத."

சட்டை கிழிந்துவிட்டது, நீலச் சட்டையை அனுப்பு. தேங்காயெண்ணெயும் வை. பொன்மணியை இனிமேல் அப்பா என்றே கூப்பிடச் சொல். ஏன் என்று கேட்டால் பட்டணத்து நாகரிகம் என்று சொல்லிவை. நைனா என்று குரல் கேட்டால், கூப்பிடுவது அவள் இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்
முனிரத்தினம்